மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வாஷர்

வேலு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் கச்சிராயபாளையம் ஜீப் ஸ்டாண்டில் பத்துப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். நானே போய் நின்று வாசிக்கப்போகிறேன். எனக்கு எழுதியதை ஊருக்கு ஏன் வாசிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னை நான் கவரில் போட்டு ஒட்டியா திட்டினேன்? அதே ஸ்டாண்டில், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினேன். திட்டு மட்டும் தெருவில், மன்னிப்பு மட்டும் தபாலில் என்றால் அது எந்த ஊர் நியாயம்? அதனால்தான் இப்படி.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பூங்கொடி. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் செய்தாள். தை மாதம் நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற பெண், இதுவரை என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. கல்யாண வேலையைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்து, டீசல் நாசிலை அடித்துச் சோதிக்கிற டெஸ்டரின் கைப்பிடியை விட்டுவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. "மாமா, எங்கப்பா வண்டி ஒண்ணு கொட்டாயில சும்மா கெடக்குது, பழைய டீசல் ஜீப்பு. அத எடுத்து ஓட்டுங்க, ரெண்டு பேரும் மலையிலயே இருந்துக்கலாம், சாமையும் மரவள்ளியும் கீழ எறக்கலாம், ஜனங்கள ஏத்தலாம்னு அப்பா சொல்றாரு. இவரு மாட்டேங்கறாரு. 'நான் ஓட்டினா எஞ்சின் தாங்காது, ஒரு எஞ்சினைக் கொன்னவன் நான்'ங்கறாரு. எங்கப்பாவுக்கு முகமே செத்துப் போச்சு. பொண்ணக் குடுக்கறோம், வண்டியத் தொடமாட்டேங்கறாரே, எங்க மலை புடிக்கலியோன்னு கேக்கறாரு" என்றாள்.

நான் "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கேட்டாள். "மாமா, நான் அவரு வண்டியிலதான் காலேஜ் போயி வந்தேன். அவ்ளோ நெதானம். இன்னும் கொஞ்சம் வெரசா போங்கன்னு நாங்கதான் திட்டுவோம். வண்டி நின்னு போச்சே, அன்னிக்கும் நான் உள்ளதான் இருந்தேன். செகண்ட் கியர்ல, ஆளு நடக்கற மாரிதான் ஏத்திக்கினு வந்தாரு. அப்டி ஓட்டினவரு எப்டி மாமா எஞ்சினைக் கெடுத்திருப்பாரு? நீங்கதான வண்டியப் பிரிச்சிப் பாத்தீங்க. இன்னாதான் ஆச்சி?"

உன் அப்பன் நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சிக்னல் சரியா இல்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கள்ளக்குறிச்சி சங்கராபுரம் ரோட்டில், கூப்பிடு தூரத்தில் டவரை வைத்துக்கொண்டு. அறுபத்திரண்டு வயதில், இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் பயந்து போனை வைத்தேன். அன்றைக்குப் பூராவும் வேலை ஓடவில்லை. நான் சொன்ன பொய்யை நீ நம்பிவிட்டாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் மேல் கோபித்துக்கொண்டுதான் நீ வீட்டை விட்டுப் போனாய், சேலத்தில் துணிக் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நீ என்னை நம்பியல்லவா போயிருக்கிறாய்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், மீதிப் பாதி என் கைக்குள் இருந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நம் ஜீப்பில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் நாலையும் கழற்றினேன். வண்டி காலையில் வெள்ளைப் புகை விடுகிறது, மலையில் குளிர் நேரத்தில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது என்று நீதான் சொல்லிக்கொண்டே இருந்தாய். டெஸ்டரில் வைத்து அடித்துப் பார்த்தால் இரண்டு நாசில் சொட்டியது. நல்ல நாசில் டீசலைப் பனி மாதிரி பீய்ச்ச வேண்டும், அடித்து நின்றதும் முனை காய்ந்திருக்க வேண்டும். முனையில் சொட்டு நின்றாலே அது சரியில்லை. சொட்டிய இரண்டை மட்டும் மாற்றினால் போதாது, மாற்றினால் நாலையும் மாற்று என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், நம் வண்டிக்கும் நாலும் புதுசு வாங்கினேன். பம்பில் இருக்கிற தகட்டு நம்பரையும் நாசில் உடம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கிற நம்பரையும் கண்ணாடி போட்டு ஒத்துப் பார்த்து வாங்கினேன். நாசில் திறக்கிற அழுத்தம், ஓப்பனிங் பிரஷர், நாலுக்கும் ஒரே அளவு வைத்தேன். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற புத்தி பார், குற்றத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் என் சாமர்த்தியத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

மறுநாள் பூஜை. சாயங்காலத்துக்குள் கடையில் எந்த வண்டியும் பிரித்த நிலையில் நிற்கக் கூடாது என்பது நம் கடை வழக்கம். வாய் பிளந்து நிற்கிற எஞ்சினுக்குச் சந்தனம் வைப்பார்களா? காலையில் மூன்று வெளிவண்டிகளைப் பூட்டி அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் நம் வண்டிக்கு வந்தேன். அதற்குள் உன் அம்மா கருவிகளை எல்லாம் டீசலில் கழுவித் துடைத்து, வாழை இலையில் வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். என் கையில் மிஞ்சியது இரண்டு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும். நாசில் உட்காருகிற குழியின் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும், உனக்குத் தெரியும். பழைய நாசிலை உருவும்போது அது நாசிலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சில சமயம் வராது, கரி பிடித்துக் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்கத்தான் அந்த நீளமான கொக்கிக் கம்பி. அன்றைக்கு நாலு நாசிலுக்கு மூன்று வாஷர்தான் என் கையில் இருந்தது. மூன்றாவது சிலிண்டரின் வாஷரைக் காணோம். கொக்கிக் கம்பி பொட்டு வைத்துக்கொண்டு இலையில் படுத்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது.

ஸ்க்ரூடிரைவரைக் குழிக்குள் விட்டு அடியைத் தட்டிப் பார்த்தேன். வழவழப்பாகத்தான் இருந்தது. அது குழியின் அடி இல்லை, தேய்ந்து மழுங்கிப்போன பழைய வாஷரின் முதுகு. வாஷர் எங்கேயோ உருண்டு ஓடியிருக்கும், பெருக்கும்போது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு, நாசிலை வைத்து, கிளாம்பை முடுக்கினேன். நீ அப்போது பம்பரில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தாய். பூஜை வழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை வேண்டாம். சாமியிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொக்கியை எடுத்திருந்தால் சாமி கையைப் பிடித்திருக்காது. இல்லாவிட்டால் டார்ச் அடித்திருக்கலாம். டார்ச் பூஜையில் இல்லையே. சட்டைப் பையில் போன் இருந்தது, போனில் விளக்கும் இருந்தது. முப்பது வருஷமாக நாசில் பிடித்த கைக்கு விளக்கு எதற்கு என்கிற திமிர்தான், வேறொன்றுமில்லை.

ஒரு வாஷர் கனம் என்பது நகக்கண் அளவு. அந்த அளவுக்கு நாசில் மேலே தூக்கி உட்கார்ந்தால், பீய்ச்சுகிற டீசல் பிஸ்டன் தலையில் இருக்கிற பள்ளத்தில் விழாது, அதன் விளிம்பில் போய் அடிக்கும். ஒரே இடத்தில் வெந்து கொண்டே இருக்கும். சும்மா ஓடுகிற வண்டியில் உடனே தெரியாது, பாரம் ஏற்றி மலை ஏறினால்தான் தெரியும். உனக்குத் தெரிந்தது. பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும், சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "மூணாவது சிலிண்டர் அடிக்குதுப்பா. சத்தம் வேற மாரி இருக்குது. ஒரு தபா வந்து கேளு." சின்ன வயதிலேயே ரோட்டில் போகிற லாரிச் சத்தத்தைக் கேட்டு, கதவைத் திறக்காமலே, இது பாரம், இது காலி என்று சொல்கிற பிள்ளை நீ. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன்தான் நான். அன்றைக்கு என்ன சொன்னேன்? "நாசில பத்தி எனக்கே பாடம் நடத்தறியா? நீ ஸ்டியரிங்கப் பாரு, எஞ்சினை நான் பாத்துக்கறேன். ஆக்சிலேட்டர மிதிக்கறதக் கம்மி பண்ணு, சத்தம் தானா அடங்கும்."  தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். ஒரு பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப்பாகத் தளர்த்து, எதைத் தளர்த்தும்போது அந்த அடிக்கிற சத்தம் நிற்கிறதோ அதுதான் கெட்டது என்று கடைக்கு வருகிற எல்லா டிரைவருக்கும் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

தீபாவளிக்கு முந்தின சந்தை நாள் வண்டி நின்றது. துணிமணியும் பலகாரமுமாக வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்புகிற ஜனங்கள், வெளியே தூறல், வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் பாதி ஏற்றம். கறுப்புப் புகை வந்ததும் நீ உடனே எஞ்சினை அணைத்தாய். ஆட்களை இறக்கினாய், சக்கரத்துக்குக் கல் வைத்தாய், ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும், ஸ்டாண்டு டிரைவர் ஏழுமலை போனிலேயே சொன்னார். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தபோது நான் கள்ளக்குறிச்சியில் இருந்து பஸ் பிடித்து வந்து நின்றிருந்தேன். நீ நனைந்த சட்டையோடு இறங்கி வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்தேன். "மிதிச்சி மிதிச்சி எஞ்சினைக் கொன்னுட்டியேடா. கால்ல இன்னா, கல்லக் கட்டிக்கினு ஓட்டினியா? இனிமே ஸ்டியரிங்கத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்." இன்னும் சொன்னேன், அதையெல்லாம் உன் அம்மா வாசிப்பாள் என்பதால் எழுதவில்லை. உனக்கு நினைவிருக்கும். ஏழுமலை நடுவில் வந்து, "வுடுண்ணா, ஆளுங்க பாக்கறாங்க" என்றார். பார்க்கட்டும் என்றுதான் திட்டினேன். மலை வண்டிகள் எல்லாம் என் கடைக்குத்தான் நாசில் வேலைக்கு வரும். நாசில்காரர் வண்டியே வழியில் நின்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவதற்கு முன்னால், தப்பு வண்டியில் இல்லை, ஓட்டினவனிடம் என்று நான் சொல்லிவிட வேண்டும். அந்த அவசரம் எனக்கு. ஆனாலும் அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு உண்மை தெரியாது, வேலு. அதுவரை நான் செய்தது முன்கோபம்.

பாவம் அதற்கு மறுநாள் செய்தது. கடையில் தனியாக இருந்து எஞ்சின் தலையைப் பிரித்தேன். ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது பிஸ்டன்கள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. மூன்றாவது பிஸ்டன் மட்டும் ஒரு ஓரத்தில் வெந்து, உருகி, ஓட்டை விழுந்திருந்தது. டிரைவர் மிதித்துக் கெட்ட எஞ்சினில் நாலும் கெட்டிருக்கும். ஒன்று மட்டும் கெட்டால் அது பூட்டினவன் வேலை. கொக்கியை எடுத்து மூன்றாவது குழியில் விட்டேன். ஒரு வாஷர் வந்தது. மறுபடி விட்டேன். இன்னொன்றும் வந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாய். அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை, எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாய். நான் கையை மூடிக்கொண்டேன். "இன்னாப்பா ஆச்சி?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "நீ மிதிச்ச மிதிதான்" என்று சொன்னேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அந்த ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் போய்விட்டாய். நான் ஒரு கையை மூடியபடியே சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதற்கப்புறம் பதினோரு நாள் நீ வீட்டில் இருந்தாய். பதினோரு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு வேளை, வாயைத் திறந்திருந்தால் போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தீபாவளி முடியட்டும் என்று தள்ளினேன். சேலத்துக்குப் போகிறேன் என்று நீ பையை எடுத்தபோதுகூட, போய் நாலு இடம் பார்க்கட்டும், அதுவும் நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு வாஷரை ஆறு வருஷம் மறைக்க முடிகிறது. அந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, நான் டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற விபூதி டப்பாவுக்குள் இருக்கின்றன. காலையில் விபூதி எடுக்கும்போது விரலில் தட்டும். அந்த வருஷத்துக்கு அப்புறம் ஆயுத பூஜையில் கொக்கிக் கம்பியை நான் இலையில் வைப்பதில்லை. கருவி எல்லாம் பொட்டோடு இருக்கும், அது மட்டும் சுவரில் ஆணியில் மொட்டையாகத் தொங்கும். ஏன் என்று கேட்கிறவர்களிடம், அவசரத்துக்கு வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி.

உன் அம்மாவிடம் முந்தாநாள்தான் சொன்னேன். டப்பாவைத் திறந்து காட்டினேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். வாஷரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் தம்மாத்துண்டுக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இத வயித்துல வெச்சிக்கினு ஆறு வருசமா எங்கையால சோறு வாங்கித் தின்னீங்களே" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. தட்டு வருகிறது, பேச்சு இல்லை. அது நியாயம்தான். ஸ்டாண்டில் போய் வாசிக்கிற யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. உன்னிடம் மட்டும் சொன்னால் நீ "பரவால்லப்பா" என்று சொல்லிவிடுவாய். நீ அப்படித்தான். அவ்வளவு சுலபமாக நான் தப்பக் கூடாது.

இனிமேல் எழுதுவது உன் மாமனார் வண்டியைப் பற்றி. அப்பன் யோக்கியதை எப்படி இருந்தாலும் தொழிலில் சொல்வது பொய்யில்லை, கேட்டுக்கொள். அது நம் ஜீப்பில் இருந்த அதே மாதிரிப் பழைய எஞ்சின் என்று பூங்கொடி சொல்வதில் இருந்து தெரிகிறது. கம்ப்யூட்டர் இல்லாத, பம்பும் பைப்பும் நாசிலுமாக இருக்கிற வண்டி, நம் கைக்கு அடங்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யாதே. டேங்கில் இருக்கிற பழைய டீசலைக் கீழே இறக்கிவிடு, தண்ணீர் கலந்திருக்கும். ஃபில்டரை மாற்று. நாசில் நாசமாவதில் பாதி அழுக்கு டீசலால்தான். பைப்பைக் கழற்றினால் அந்த நிமிஷமே வாயை மூடிக் கட்டு, மலைக் காற்றில் மண் ஜாஸ்தி. நாசில் முனையைப் பித்தளைப் பிரஷ்ஷால் மட்டும் தேய், இரும்புக் கம்பியோ உப்புத் தாளோ வேண்டாம், துளை பெரிதாகிவிடும். ஒரு நாசிலின் ஊசியை இன்னொரு நாசிலின் உடம்பில் போடாதே, அவை பிறக்கும்போதே ஜோடி. மலை டிரைவர்கள் சில பேர் வந்து, பெரிய துளை நாசில் போடு, இழுவை நன்றாக இருக்கும் என்று ஓதுவார்கள். புகைதான் நன்றாக இருக்கும், கேட்காதே. டெஸ்டரில் அடிக்கும்போது பீய்ச்சுகிற பக்கம் கையை வைக்காதே, அது ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கிவிடும். என் இடது ஆள்காட்டி விரல் நுனி மரத்துப்போனது அப்படித்தான்.

இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்லுவான். நான் சொல்ல வேண்டியது ஒன்று. நாலு நாசில் வெளியே வந்தால் நாலு வாஷர் உன் கையில் இருக்க வேண்டும். மூன்று இருந்தால், நாலாவது எங்கேயும் உருண்டு ஓடவில்லை, குழிக்குள்தான் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார். பூஜையாக இருந்தாலும், கல்யாணமாக இருந்தாலும், பின்னால் பத்து வண்டி நின்று ஹாரன் அடித்தாலும் பார். வண்டி ஏதாவது சொல்கிறது என்று யாராவது வந்து சொன்னால், சொல்கிறவன் வயதைப் பார்க்காதே, எழுந்து போய்க் கேள். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அப்போதும் இதேதான்.

நேற்று வரைக்கும் எழுதியது இவ்வளவு. இன்று காலை முதல் டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போய் வாசித்துவிட்டு வந்தேன். மீதியையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஏழு எட்டு வண்டி நின்றிருந்தது. டீக்கடை முன்னால் நின்று, "ஒரு நிமிஷம் கேளுங்கப்பா" என்றேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்த முகமாக வந்தார்கள். ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன். நீ தூக்குச்சட்டியோடு வந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது.  ஏழுமலை தாளை என் கையில் இருந்து வாங்கி மீதியை அவரே வாசித்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், அதனால் ஒவ்வொரு வார்த்தையும் நின்று நின்று வந்தது. "ருசியாகத்தான் இருந்தது" என்கிற இடத்தில் அவர் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

 வாசித்து முடித்ததும் ஏழுமலைதான் ஆரம்பித்தார். "ண்ணா, புதுசா மலைக்கு வண்டி எடுத்துக்கினு வர்றவனுங்களுக்கு ஆறு வருசமா நாங்க இன்னா சொல்லிக்கினு இருக்கோம் தெரியுமா? 'வேலு மிதி மிதிக்காதடா'ன்னு. எவனாச்சும் ஆக்சிலேட்டர ஓவரா மிதிச்சா, இன்னாடா வேலு மிதியான்னு கேப்போம். அந்தப் புள்ளயப் பாக்காதவன்கூட சொல்லுவான். இந்த ஸ்டாண்டுலயே அவன மாரி நெதானமா ஓட்டினவன் கெடையாது. கெட்ட மிதிக்கு அவன் பேர எதுக்குண்ணா வெச்சிட்ட நீ?"

எனக்கு இது தெரியாது, வேலு. சத்தியமாகத் தெரியாது. உன் ஒருத்தன் மனசில்தான் அந்தப் பழி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு மலைப் பாதை முழுக்க உன் பெயரைக் கெட்ட வார்த்தையாக நான் பரப்பி வைத்திருக்கிறேன். "இனிமே என் பேரச் சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?  ஏழுமலை கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "டீ குடிண்ணா" என்றார். குடிக்கவில்லை.

திரும்புவதற்குப் பஸ்ஸுக்காக நின்றபோது ஸ்டாண்டின் ஓரத்தில் ஒரு வண்டி பானட் திறந்திருந்தது. குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவனைப் பார்த்து இன்னொரு டிரைவர் கத்தினான்: "எத்தினி வாஷர் வந்திச்சி, எண்ணிப் பாருடா! வேலு அப்பன் மாரி வுட்டுடப் போற!" நாலு பேர் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உன் பெயர் அதில் இருந்தது, பழி என்னுடையதாக இருந்தது. பஸ் வரும் வரைக்கும் அங்கேயே நின்று அவன் எண்ணி முடிப்பதைப் பார்த்தேன். நாலும் வந்துவிட்டது.

பூங்கொடிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த முறை சிக்னல் நன்றாக இருந்தது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசியில், "இத நீங்களே அவருகிட்ட சொல்லுங்க மாமா, நான் சொல்லமாட்டேன்" என்றாள். புத்தியுள்ள பெண். உன் மாமனாரிடமும் பேசினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைத் திறந்து வைப்பதாகச் சொன்னார். நீ வருவாயா என்று தெரியாது. வந்தாலும் என்னைப் பார்க்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. கொக்கிக் கம்பியையும் அந்த இரண்டு வாஷரையும் மலைக்குப் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். வரலாம் என்று நீ சொன்னால் வருகிறேன். நாசிலை நான் தொடமாட்டேன். நீ கழற்று, நீ எண்ணு, நீ பூட்டு, நீயே ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டுச் சரி என்று சொல். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கிறேன்.

அப்பா